வேதமாணிக்கம் பார்த்த டிகிரி

சாத்தூர்ப் பக்கம் ஒரு பருத்திப் பண்ணையில் நான் எழுத்தராக இருந்தேன். அங்கே வானிலை பார்க்கிற வேலை வேதமாணிக்கத்துக்கு. வெள்ளைக் கூண்டுக்குள் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். காலை எட்டரைக்கு இரண்டையும் பார்த்து எழுதினால் காற்றில் எவ்வளவு ஈரம் என்று கணக்குப் போடலாம். பதினெட்டு வருஷமாக அவர்தான் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச்சுக்குப் போய்விடுவார், நான் பார்ப்பேன்.

அறுபத்திரண்டாம் வருஷம் புதுக் கருவி வந்தது. உருளையில் சுற்றிய தாளில் பேனாமுள் தானாகவே சூட்டையும் ஈரத்தையும் கோடாகப் போடும். மூன்று மாதம் பழசையும் புதுசையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதி அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அந்தப் பாழாய்ப்போன வேலையை என் தலையில் கட்டினார்கள்.

பட்டியல் போட்டேன். வாரத்தில் ஆறு நாள் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒருநாள் மூன்று டிகிரி கூட, மறுநாள் நாலு டிகிரி குறைச்சல். ஞாயிறு மட்டும் அரை டிகிரிகூடப் பிசகவில்லை. ஞாயிறு பார்த்தவன் நான். நேரே கூண்டடிக்குப் போய்க் கத்தினேன்.

“அண்ணாச்சி, என்னத்தைப் பாத்து எழுதுதீக?”

அவர் கூண்டின் கதவைச் சாத்தினார்.

“சத்தம் போடாதீக தம்பி. ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்துருச்சு. கோடு தெரியல. மேலுல படுற வெக்கையை வச்சு ஒரு மட்டா எழுதுதேன்.”

“எம்புட்டு நாளா?”

“ஆறு மாசம் இருக்கும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கண் போனது தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் மகள் இன்பம் அப்போதுதான் மதுரையில் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்தாள்.

“பழைய கருவி கெட்டுப்போச்சுன்னு எழுதிருதேன். புதுசு தானா எழுதிக்கிடும். நீங்க தாளை மட்டும் மாத்துங்க. யாருக்குத் தெரியப்போவுது?” என்றேன்.

“வேண்டாம் தம்பி. கருவிமேல குத்தமில்ல, என் கண்ணுலதான்னு எழுதுங்க. பொய்யெழுதி எழுதி எனக்குத் தூக்கமே போச்சு. கையெழுத்துப் போட்டுருதேன். அப்புறம் கர்த்தர் விட்ட வழி.”

மல்லுக்கட்டிப் பார்த்தேன், மனுஷன் மசியவில்லை. சரியென்று தாளை எடுத்தேன். எழுதி முடித்து உரக்கப் படித்தும் காட்டினேன்: “கருவி சரியாக இருக்கிறது; எனக்குத்தான் பார்வை இல்லை.” தாளில் இருந்தது வேறு. பழைய கருவி பழுது, நம்புவதற்கில்லை என்று எழுதியிருந்தேன். என் விரல் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.

நல்ல வெப்பமானி இரண்டையும் கழித்துக்கட்டினார்கள். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதம் பயந்து பயந்து பார்த்துவிட்டு, பெரிய அதிகாரிகள் மனமிரங்கி மன்னித்துவிட்டார்கள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். கர்த்தருக்கு நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, சர்ச்சில் முழங்காலில் நின்று அழுதாராம். திங்கட்கிழமை வந்து என் கையைப் பிடித்தார்.

“உண்மையைச் சொன்னோம், கர்த்தர் கைவிடல, பாத்தீகளா தம்பி!”

“ஆமா அண்ணாச்சி,” என்றேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு அருவருப்பாக இருந்தது, என்மேல்தான்.