முகவரி சரியில்லை என்று வந்த மெயில்

என்னை ஏமாற்றியவனின் முகம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், ஜெயிலில் இருப்பேன். அவன் சோற்றில் மண் விழ வேண்டும், அவன் காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொரு பொருளும் வீட்டுக்கு வந்ததும் உடைந்துபோக வேண்டும் என்று வாய் வலிக்கச் சபித்திருக்கிறேன். சாபம் போய்ச் சேரவும் ஓர் இடம் வேண்டுமே. அவன் எந்த ஊரில், எந்த அறையில் உட்கார்ந்திருந்தான் என்றே தெரியவில்லை. ஆகவே கைக்கு எட்டிய ஒருவனைப் பிடித்தேன். எங்கள் ஊருக்குப் பார்சல் கொண்டுவந்தவனின் வேலை போனது என்னால்தான்.

ஸ்ரீ சிட்டியில் செல்போன் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். லைனில் வரும் போனை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ தூசியோ இருந்தால் ஒதுக்கிவைக்க வேண்டும். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சூப்பர்வைசர் புதுப் பெண்களிடம் சொல்வார், நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன். நாள் முழுக்கப் போனைத் தொடும் எங்களுக்குச் சொந்தப் போனைத் தொட அனுமதி இல்லை, அது லாக்கரில் கிடக்கும். டீ இடைவேளை பத்து நிமிடம். அதற்குள் லாக்கரைத் திறந்து, போனைப் பார்த்து, டீயை ஊதிக் குடித்து, பாத்ரூம் வரிசையில் நின்று, தொப்பியும் கோட்டும் மாட்டி லைனுக்குத் திரும்ப வேண்டும்.

எங்கள் ஊர் ஆந்திராவில், சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், எல்லையை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வேர்க்கடலைக் கொல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. எங்கள் ஊர்ப் பெயரிலேயே அந்தப் பக்கமும் ஓர் ஊர் உண்டு. முன்பு சித்தூர் ஜில்லாவில் இருந்தோம், ஜில்லாவைப் பிரித்தபோது திருப்பதிக்கு வந்துவிட்டோம். ஆதார் கார்டில் பழைய ஜில்லா, ஆன்லைன் கடையில் பின்கோடு போட்டால் புது ஜில்லா. பார்சல் ஊத்துக்கோட்டைப் பக்கம் போய் இரண்டு நாள் கிடந்து திரும்பிய கதை எல்லா வீட்டிலும் இருக்கும். “அட்ரஸ் சரியில்லை” என்று யாராவது சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். நாங்கள் மாட்டோம், மறுபடியும் முதலிலிருந்து அட்ரஸ் சொல்ல ஆரம்பித்துவிடுவோம்.

என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, பைக்கிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, வேலூரில் ஆபரேஷன் செய்து கொண்டுவந்திருந்தோம். வாக்கரைப் பிடித்து உடனே நடக்கத் தொடங்காவிட்டால் கால் மடங்கிப்போகும் என்று டாக்டர் பயமுறுத்தி அனுப்பினார். அன்றைக்கே அந்தப் பெரிய ஆன்லைன் கடையில் வாக்கருக்கு ஆர்டர் போட்டேன். நைனாவுக்குக் காலைப் பழக்கிவிட வீட்டுக்கு வரும் ஆளுக்கும், அடுத்தடுத்து வேலூர் போய் வரவும் ஓவர்டைம் செய்து சேர்த்த பணம் பாங்கில் இருந்தது.

மூன்றாம் நாள் டீ இடைவேளையில் லாக்கரைத் திறந்தேன். மெயில் வந்திருந்தது. கடையின் பெயர், கடையின் படம், கடையின் நிறம். உங்கள் பார்சலின் முகவரி முழுமையாக இல்லை, இன்று மாலைக்குள் சரிசெய்யாவிட்டால் திருப்பி அனுப்பப்படும் என்று எழுதியிருந்தது. அடியில் ஒரு பட்டன். சந்தேகம் என் பக்கமே வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வழக்கமான தொல்லை, இந்த முறை நைனாவின் கால் விஷயத்தில் வந்து நிற்கிறதே என்று நினைத்தேன். பட்டனை அழுத்தி, ஊர், ஜில்லா, பின்கோடு, வீட்டுக்கு எதிரே வேப்பமரம் என்பதுவரை அடித்தேன். மறுபடி அனுப்பும் செலவு ஐந்து ரூபாய் என்றது. கார்டு நம்பரைக் கொடுத்தேன், ஓடிபி வந்தது, அதில் போட்டிருந்த தொகையைப் படிக்காமல் அதையும் கொடுத்தேன். பெல் அடித்தது. போனை லாக்கரில் போட்டுவிட்டு ஓடினேன், டீகூடக் குடிக்கவில்லை.

ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனில் உட்கார்ந்துதான் பாங்கிலிருந்து வந்த மெசேஜைப் பார்த்தேன். ஓவர்டைம் பணம் மொத்தமும் போயிருந்தது. பாங்கில் கார்டை நிறுத்தினார்கள். போலீஸில் புகாரை வாங்கிக்கொண்டு, தகவல் வந்தால் சொல்வதாகச் சொன்னார்கள். வீட்டில் நைனாவிடம் சொல்ல முடியவில்லை. காலைப் பழக்க வருகிறவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று புளுகினேன்.

மறுநாள் காலை வாக்கர் வந்துவிட்டது. சொன்ன தேதியில், சரியான வீட்டுக்கு, ஒரு போன்கூடப் பண்ணாமல் கொண்டுவந்தான் அந்த ஆள். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருப்பவன். இரண்டு வருடமாக எங்கள் தெருவுக்கு அவன்தான் வந்துகொண்டிருந்தான்.

“இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? நைனாவுக்கு ஒடம்பு முடியலயா?”

“எங்க அட்ரஸ்ல கோளாறுன்னு யாராண்ட சொன்ன?”

“நான் யாராண்ட சொல்லப்போறேன்? ஒங்க வூட்டுக்கு கண்ண கட்டி உட்டாலும் வந்துடுவேனே,” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் எனக்குப் பற்றிக்கொண்டது. எங்கள் அட்ரஸில் வில்லங்கம் இருப்பது வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? நான் வாக்கருக்குக் காத்திருந்ததும், அந்த வாரத்திலேயே மெயில் வந்ததும் எப்படிப் பொருந்தும்? பார்சல் ஆபீசிலிருந்து எங்கள் விவரத்தை எவனுக்கோ விற்றிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டியதும் உடம்பில் ஒரு தெம்பு வந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவனை மாட்டவைக்க ஆதாரம் தேடினேன். வேனில் வரும் அத்தனை பேரிடமும் கடைப் பெயரில் வந்த மெயில்களை எனக்கு அனுப்பச் சொன்னேன். லைனில் போனைப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றையும் பார்த்தேன். நிஜக் கடை அனுப்பிய மெயிலில் என் பெயர் இருந்தது, வாங்கிய பொருளின் பெயர் இருந்தது. எனக்கு வந்த பொய் மெயிலில் “அன்பான வாடிக்கையாளரே” என்று மட்டும்தான் இருந்தது, வாக்கர் என்ற பேச்சே இல்லை. அனுப்பியவர் பெயரைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே கடைக்குச் சம்பந்தமே இல்லாத நீளமான ஏதோ ஒரு முகவரி. பட்டனை அழுத்தாமல் அப்படியே விரலை வைத்திருந்தால் அது எங்கே கூட்டிப்போகிறது என்று காட்டும், அதுவும் வேறு எங்கோ போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடையின் ஆப்பைத் திறந்து என் ஆர்டரைப் பார்த்திருந்தாலே போதும். அட்ரஸில் குறை என்று அங்கே ஒரு வார்த்தை கிடையாது, பார்சல் வந்துகொண்டிருக்கிறது என்றுதான் போட்டிருந்தது. இதற்கெல்லாம் பத்து நிமிடம்கூட வேண்டாம். இதைக் கண்டுபிடித்த அன்று என் தலையிலேயே இரண்டு போட்டுக்கொண்டேன்.

சத்தியவேட்டில் பார்சல் ஆபீசுக்குப் போய் நியாயம் கேட்டேன். அங்கிருந்த மேனேஜர் எழுத்தில் கொடுக்கச் சொன்னார். தெலுங்கு எனக்குப் பேச வரும், எழுத்து தடுமாறும். தடுமாறியே ஒரு பக்கம் எழுதினேன். கையெழுத்து மட்டும் போடாமல் பையில் வைத்திருந்தேன், இன்னும் ஓர் ஆதாரம் சேரட்டும் என்று.

அந்த வாரம் கேன்டீனில் திருப்பதிப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டவுனுக்கு நடுவில், பெரிய ரோட்டின்மேல் அவள் வீடு. அங்கே பார்சல் தவறிப்போனதாகக் கதையே கிடையாது. “அக்கா, இதி நிஜமா?” என்று தெலுங்கில் கேட்டுப் போனை நீட்டினாள். அதே மெயில். முகவரி முழுமையாக இல்லை, இன்று மாலைக்குள், ஐந்து ரூபாய். ஓர் எழுத்துகூட மாறவில்லை. அவள் எதுவும் ஆர்டர்கூடப் போட்டிருக்கவில்லை.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இந்த மெயில் எங்கள் ஊரைத் தெரிந்தவன் எழுதியது இல்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் இதையே அனுப்பியிருக்கிறான். முகவரியில் கோளாறு இல்லாதவர்கள் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். கோளாறிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் நம் வீட்டு விஷயம் என்று நினைத்து மாட்டிக்கொண்டோம். பார்சல் கொண்டுவந்தவன் யாரிடமும் எதையும் விற்கவில்லை.

அது தெரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலம், வேனிலிருந்து இறங்கி, பார்சல் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, முழங்கால்மேல் காகிதத்தை வைத்துப் போட்டு, உள்ளே கொடுத்தேன். கட்டிலில் நைனா காலைப் பிடித்துக்கொண்டு முனகுவதைப் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவன் அழுதால்தான் எனக்குச் சோறு இறங்கும் போலிருந்தது. நிஜமான திருடன் கிடைக்கமாட்டான், இவன் கிடைப்பான், அவ்வளவுதான் கணக்கு. இரண்டு நாளில் அவனை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். சென்ட்ரிங் வேலைக்குப் போகிறான்போல, கையெல்லாம் சிமெண்ட் வெடிப்பு. நான் முகத்தைத் திருப்புவதற்குள் பைக்கைக் கொண்டுவந்து என் முன்னாலேயே நிறுத்தினான்.

“நல்லா கீறீங்களா அக்கா? நீங்க எழுதிக் குடுத்தத எனக்கு அன்னிக்கே காட்டினாங்க.”

அவன் போனை எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தான். “ஆபீஸ்காரன் வோணாம்னா இன்னா? கம்பெனியே நேரா கூப்ட்டுக்கினு கீது. பாருங்க, நல்லா பாருங்க.”

பார்த்தேன். அந்தப் பெரிய கடையின் பெயர், படம், நிறம். உங்கள் மண்டலத்துக்கு டெலிவரி ஆள் தேவை, நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், பைக்கும் சட்டைக்கும் அடையாள அட்டைக்கும் டெபாசிட் கட்ட இன்றே கடைசி நாள். மேலே அவன் பெயர் இல்லை. அனுப்பியவர் பெயரைத் தொட்டேன், கடைக்குச் சம்பந்தமில்லாத நீளமான முகவரி.

“தம்பி, இது பொய். கட்டாத.”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. “பொறுக்கலயா அக்கா ஒங்களுக்கு? ஒரு தபா என் சோத்துல மண்ணப் போட்டது பத்தாதா?”

“சத்தியமா சொல்றேன். என்னை ஏமாத்தினதும் இந்த மாதிரி மெயில்தான். கடைக்காரன் வேலை குடுக்க காசு கேக்கமாட்டான். இன்னைக்கே கட்டுன்னு அவசரப்படுத்தமாட்டான்.”

“அன்னிக்கும் இப்டித்தான் அடிச்சி சொன்னீங்களாம், நான்தான் திருடன்னு.”

அவனைத் தடுக்க என்னிடம் உண்மை ஒன்றுதான் இருந்தது. “அன்னிக்கு எழுதினது பொய். நீ ஒண்ணும் பண்ணலன்னு தெரிஞ்சிக்கினேதான் எழுதினேன். இப்ப சொல்றது நிஜம்.”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். கத்துவான், அடிப்பான் என்று நினைத்தேன். குரலே உயரவில்லை. “தெரிஞ்சிக்கினே எழுதினவங்க பேச்ச எப்டிக்கா நம்புறது?” என்று கேட்டுவிட்டு, பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் அப்படியே பார்சல் ஆபீசுக்குப் போனேன். என் புகார் பொய் என்று முதல் வரியிலேயே எழுதி, அங்கேயே கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் இரண்டு தடவை படித்தார். அந்த ரூட்டுக்கு வேறு ஆள் வந்து நாளாகிவிட்டது என்று சொல்லிக் காகிதத்தை மேஜை டிராயரில் போட்டார்.

அடுத்த வாரம் ரேஷன் கடை வரிசையில் அவன் பெண்டாட்டி எனக்கு முன்னால் நின்றிருந்தாள். காதில் கம்மல் இல்லை, ஓட்டையில் வேப்பங்குச்சி சொருகியிருந்தாள். அவன் பைக்கில் பார்த்திருந்ததால் எனக்கு அவளைத் தெரியும், நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. தனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், கம்மலை அடகு வைத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கட்டினார்களாம், அதோடு அந்தப் பக்கத்திலிருந்து பதிலே இல்லையாம். “பஸ் ஸ்டாண்டுல யாரோ வோணான்னாங்களாம். வயித்தெரிச்சல் புடிச்சவ, அவ பேச்ச கேக்கக் கூடாதுன்னே கட்டிட்டாரு,” என்றாள்.

அரிசி வாங்காமல் வரிசையிலிருந்து விலகி வந்துவிட்டேன். அந்தத் திருடன் கையில் கிடைத்தால் இன்றைக்கும் விடமாட்டேன். என் பணத்துக்காக ஓர் அறை, அந்தக் கம்மலுக்காக ஓர் அறை என்று கணக்கு வைத்திருக்கிறேன். இரண்டாவது அறையை நினைக்கும்போது மட்டும் என் கன்னம் எரிகிறது. வேனில் வருகிற எல்லோரும் இப்போது என்னிடம்தான் போனை நீட்டுகிறார்கள். இது நிஜம், இது பொய் என்கிறேன், மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்டே ஆக வேண்டியிருந்தவன் ஒருவன், அவன் கேட்கவில்லை, கேட்காததில் அவன்மேல் ஒரு தப்பும் இல்லை.