நடுச்சுவர்

நகரம் அந்தக் குக்கிராமத்தை விழுங்கியபோது முதலில் வந்தது சாலைதான். ஊருக்கு நடுவே வகிடெடுத்ததுபோல் போட்டார்கள். பால்காரியின் வீடு இந்தப் பக்கம். மாட்டுக் கொட்டகையும் நாத்தனார் வீடும் அந்தப் பக்கம். நடுவே இடுப்பளவு சுவர். சுற்றிப் போவதென்றால் மேம்பாலம்வரை நடந்து திரும்ப வேண்டும்.

நாத்தனாருக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். சாலை வந்தபிறகும் சண்டை ஓயவில்லை. எதிரெதிரே நின்று கத்தினார்கள்.

"உங்க தங்கச்சி திட்டுறதுல பாதிய லாரிக்காரன் அள்ளிட்டுப் போயிடறான்" என்று புருஷனிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு விடிகாலை, பால் கறந்து திரும்பும்போது சுவரேறி இந்தப் பக்கம் குதித்த புருஷனை லாரி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. இந்தப் பக்கம் அவள் கதறினாள். அந்தப் பக்கம் நாத்தனார் சேலைத் தலைப்பை வீசி வீசிக் கூவினாள். வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. கடைசியில் பஸ் டிரைவர் ஒருவர் வண்டியைக் குறுக்கே நிறுத்தினார். இருவரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது உயிரில்லை.

அதன்பிறகு அவளுக்குச் சாலையைக் கடக்கக் கால் வரவில்லை. மாடுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டாள். வயிறு கேட்குமா? சாலை கூட்டும் வேலைக்குப் போனாள். மேஸ்திரி, புருஷன் அடிபட்ட அந்த இடத்தையே காட்டினார்.

"வேற பக்கம் குடுங்களேன், ஐயா."

"வீட்டு வாசல்ல வேலை குடுத்தா கசக்குதா உனக்கு?"

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். கண்ணாடிச் சில்லு, டயர்க் கிழிசல், செத்த நாய் என்று எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக்கொண்டே வந்தவள், அந்த இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் உள்ளே போய்விட்டாள். வெயில் ஏறிய நேரத்தில், பாலத்தைச் சுற்றி வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள்.

"நகருங்க அண்ணி."

துடைப்பத்தைப் பிடுங்கி, அண்ணன் விழுந்த இடத்தை அவளே கூட்டினாள். தினமும் வந்தாள். அந்த ஓரிடத்தை மட்டும் கூட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

பிறகு சாலையை அகலமாக்கினார்கள். நாத்தனாரின் வீடு போயிற்று. ஊருக்கு வெளியே எங்கேயோ ஒரு அடுக்குமாடியில் அவளைக் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம்.

ஒரு வாரம் கழித்து மேஸ்திரி அந்த இடத்தில் வந்து நின்று சத்தம் போட்டார்.

"எல்லா இடத்தையும் கூட்டுற. இங்க மட்டும் ஏம்மா இவ்வளவு குப்பை?"

"கூட்டிடறேன், ஐயா" என்றாள். அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கூட்டினாள்.