கம்பளி இல்லாத செம்மறி

என் காதுகுத்து, ஆளாளுக்கு நாள் பார்த்துத் தள்ளிப்போட்டதில், நான் இரண்டாம் வகுப்பு முடித்த சித்திரையில்தான் நடந்தது. அம்மாவின் தம்பியான மாமா மாகறலிலிருந்து சீர்த்தட்டுகளோடு ஒரு செம்மறிக் கிடாவையும் வண்டியில் ஏற்றிவந்து எங்கள் பந்தக்காலில் கட்டினார்.

செம்மறி கம்பளி தரும் என்று பாடப்புத்தகம் சொல்லியிருந்தது. படத்தில் பஞ்சுப்பொதிக்குக் கால் முளைத்ததுபோல் ஓர் ஆடு. அச்சில் வந்தது தப்பாக இராது என்ற நம்பிக்கை எனக்கு அப்போதே உண்டு. பிற்பாடு அதை வைத்தே அரசாங்க உத்தியோகத்தையும் ஓட்டி முடித்தேன். கிடாவை முறைப்படி சோதித்தேன். முதுகு, வயிறு, கழுத்து எங்கும் நாய்க்கு இருப்பதுபோல் குட்டையான சிவப்பு மயிர். விரல்கூடப் புதையவில்லை. கம்பளி எங்கே என்று அப்பாவின் அக்காவிடம் போய்க் கேட்டேன்.

அத்தை அரக்குப் பட்டில் வியர்த்து வழிந்து விசிறிக்கொண்டிருந்தார். பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "கொயந்தைக்கே தெரிது. சொறி புடிச்சி மயிரு கொட்டுன ஆட்டத்தான் தாய்மாமன் சீரா இட்டாந்து கீறாரு" என்றார்.

மாமா கயிற்றை அவிழ்த்தார். "நான் வரங்க்கா. இனிமே இந்த வூட்டுப் பக்கம் கூப்புடாத."

மாமன் மடியில்லாமல் காது குத்த வழியில்லை. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். அப்பா பந்தல் கீற்றை வெகு கவனமாக ஆராய்ந்தார். அத்தைக்கு எதிரே குரல் உயர்த்தியறியாத அம்மா வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வெயில்ல பட்டு கட்டிக்கினு நீங்களே பேஜாராயி விசிறிக்கினு கீறீங்க. அது கம்பளி போத்திக்கினு வரணுமா அண்ணி?"

யாரோ சிரித்தார்கள். அத்தையின் விசிறி நின்றது. ஆட்டைப் பார்த்தேன், பட்டைப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. கம்பளி என்பது காற்றைச் சுருளுக்குள் பிடித்துவைத்துக் குளிரைத் தடுக்கும் மெல்லிய இழை என்றும், எங்கள் பக்கத்துச் செம்மறிக்கு வாய்த்தது உடம்புச் சூட்டை வெளியே விடும் நேரான வெறும் மயிர் என்றும் எந்தப் பாடத்திலும் இல்லை. வெகுகாலம் கழித்து நானாகத் தேடிப் படித்தேன்.

மாமா மெல்ல உட்கார்ந்து மடியைக் காட்டினார். இரண்டு காதும் குத்தியாயிற்று. நான் அழுதது வலியால் என்று வாயில் சர்க்கரை போட்டார்கள். கம்பளி எங்கே என்று யாருமே சொல்லாத அழுகை அது.

இலை போடக் கூப்பிட்டும் அம்மா போகவில்லை. மாமா பக்கத்தில், கயிற்றைக் கையில் சுற்றியபடி நின்றிருந்தாள். ஆடு ஓடிவிடுமோ என்று பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.