சவரியப்பன் வீட்டுக்கு ஓர் இடம்

மலாக்காவில் சவரியப்பனைத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அவனைக் கஞ்சன் என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். தெங்கேராவில் தம்புசாமியின் மளிகைக் கடையில் நான் சாமான் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். ரப்பர்த் தோட்டத்திலிருந்து வாரம் ஒருமுறை நடந்தே வருவான். கருவாட்டுக் கூடையின் அடியில் உடைந்து கிடக்கும் தூளைக் கேட்டு வாங்கிப் போவான். முழுக் கருவாடு அவன் கையில் ஏறி நான் பார்த்ததில்லை. "என்னா சவரி, தலை எங்க, வால் எங்கன்னு தேடிக்கிட்டே சாப்பிடுவியோ?" என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே போய்விடுவான். கோபமே வராத மனிதனைச் சீண்டுவதில் எனக்கு அப்படி ஒரு சுகம். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அவன் ஏன் அப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தான் என்று நான் கேட்டதேயில்லை. அவன் மனைவி ரோஸ்தான் ஒருநாள் சொன்னாள். தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், அறை சும்மா கொடுப்பார்கள். ஆனால் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணும்போது, நம் பேரைக் கூப்பிடுகிற காலம்வரைதான் அது நம் அறை. ரோஸின் அப்பா இருபது வருஷம் ஒரே லயத்தில் இருந்தவர். கண் மங்கி, மரம் சீவ முடியாமல் போன மாதமே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கிழவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மகள் வீட்டு வாசலில் வந்து நின்றதைச் சவரியப்பன் பார்த்திருக்கிறான். அப்போது ரோஸுக்கும் அவனுக்கும் கல்யாணமாகி நாலு மாதம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டானாம், யாரும் போகச் சொல்ல முடியாத வீடு ஒன்று வேண்டும் என்று.

அதற்குப் பிறகுதான் எல்லாம். தீப்பெட்டி வாங்குவதில்லை, பக்கத்து அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்துக்கொள்வது. கிறிஸ்துமஸுக்குத் துணி எடுப்பதில்லை. மகள் ஜெயமேரிக்கு மட்டும் மாவு மூட்டைத் துணியில் ரோஸ் பாவாடை தைப்பாள். பூசைக்கு வரும்போது கோயில் வாசல்வரை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, அங்கே கால் கழுவிப் போட்டுக்கொள்வான். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

1930-இல் கித்தா விலை, ரப்பர் விலை, விழுந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்தினார்கள். அவனுக்கும் சீட்டுக் கிழிந்தது. இந்தியாவுக்குப் போகிறவர்களுக்குக் கப்பல் சும்மா, போகாதவர்கள் ஒரு வாரத்தில் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்ட ரோஸ் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். "நாகப்பட்டணம் எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதுண்ணே. அங்க போய் யாரு வீட்டு வாசல்ல நிப்பேன்?" என்று என்னிடம் அழுதாள்.

நான் குடியிருந்த தெங்கேரா கடைவீட்டின் மாடியிலேயே அவர்களுக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தேன். இடம் என்றால், பலகை வைத்து அடைத்த தடுப்பு. ஜன்னல் கிடையாது. மூன்று பேரும் படுத்தால் கதவு திறக்காது. மாடியில் அப்படி ஒன்பது தடுப்பு, ஒன்பது குடும்பம், ஒரே குழாய். ஊரெல்லாம் வேலை போய்ப் பட்டணத்துக்கு ஓடிவந்ததால் அந்தப் பொந்துக்கும் வாடகை ஏறிக்கொண்டே போனது. அதைக் கொடுக்க முடியாதவர்கள் கடை வாசலில் கூரை போட்ட நடைபாதையில், அஞ்சடியில், படுத்துக் கிடப்பார்கள். காலையில் கடை திறக்கப் போகும்போது நான் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். சவரியப்பன் அவர்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டான். தலையைக் குனிந்துகொண்டு மூட்டை தூக்கப் போய்விடுவான். ஜெயமேரிக்கு அந்த இருட்டில் இருமல் பிடித்துக்கொண்டது.

மறு வருஷம் ஒருநாள் கடைக்கு ஓடிவந்தான். முகமெல்லாம் பல். "அண்ணே, தங்கா பத்துல ஒரு வீடு வெலைக்கு வருது. நம்மால முடிஞ்ச வெலதாண்ணே!"

தங்கா பத்து கிராமத்துக்கு நான்தான் கூடப் போனேன். கூடப் போனேன் என்ன, பெரிய விவரம் தெரிந்தவனைப் போல முன்னால் போனேன். டோலா என்கிற மலாய்க்காரப் பெரியவருடைய வீடு. கல்லின்மேல் மரத்தூண் நிறுத்திக் கட்டியது, அத்தாப்பு ஓலைக் கூரை, ஏற மூன்று படி. பெரியவர் மகள் வீட்டோடு போய்விட்டார். வீடு சும்மா கிடந்தது. ஒரு பழைய சைக்கிளின் விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம் சொன்னார். நான் தூணைத் தட்டிப் பார்த்தேன். கறையான் இருக்கிறதா என்று கேட்டேன். கூரை ஒழுகுமா, கிணற்றுத் தண்ணீர் உப்பா, மழைக்காலத்தில் பாதை எப்படி, எல்லாம் கேட்டேன். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

நம் ஆட்கள் வீடு என்றால் மண்ணையும் சேர்த்துத்தான் சொல்லுகிறோம். மண் இல்லாமல் வீட்டை மட்டும் ஒருவன் விற்பான் என்று நமக்குத் தோன்றவே தோன்றாது. அவர்கள் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், அப்படியில்லை. வீடு வேறு, மண் வேறு. மரவீடு தட்டுமுட்டுச் சாமான் மாதிரி. வேண்டுமென்றால் ஊரே சேர்ந்து தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடும். மண் அவர்களுக்குள்ளேயே வழிவழியாக வருவது, வெளியாருக்குப் போகாது. யாரும் எங்களை ஏமாற்றவில்லை. கம்பத்துத் தலைவர் எல்லார் முன்னாலும் வாசித்தார்: தூண் இத்தனை, படி இத்தனை, கூரை, கதவு என்று. டோலாவும், "என் மண்ணில் நீ எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு, தம்பி" என்று சவரியப்பன் தோளைத் தட்டிச் சொன்னார். பெரிய மனுஷன் மரியாதைக்குச் சொல்கிறார் என்று நாங்கள் பல்லைக் காட்டினோம். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன்.

அந்த வீட்டில் அவர்கள் இருந்த ஒன்றரை வருஷம்தான் சவரியப்பன் வாழ்ந்தது. தினமும் விடிவதற்கு முன் தெங்கேராவுக்கு நடந்து வந்து மூட்டை தூக்கி, மறுபடி நடந்தே போவான். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. மாதா கோயில் சாமியார் வந்து வீட்டை மந்திரித்துக் கொடுத்தார். குருத்தோலை ஞாயிறன்று ரோஸ் கதவில் ஓலைச் சிலுவை செருகினாள். கோழி வளர்த்தாள். ஜெயமேரியின் இருமல் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாப்பாடு போட்டார்கள். இலையில் முழு மீன் இருந்தது. "பாத்தீங்களாண்ணே, தலையும் இருக்கு, வாலும் இருக்கு" என்று சவரியப்பன் சிரித்தான். அவன் என்னைத் திருப்பிக் கிண்டல் செய்தது அந்த ஒரு தடவைதான்.

1933 தொடக்கத்தில் டோலா இறந்துபோனார். நாற்பது நாள் கழித்து அவர் மகன் யூசோப் வந்தான். உம்பாயில் மனைவி வீட்டு மண்ணில் வீடு போட்டுக்கொண்டு வேலை பார்த்தவன். வேலையும் போய், மனைவியும் இறந்து, அங்கே இருக்க முடியாமல் போயிருந்தது. தன் வீட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றி அப்பா மண்ணுக்குக் கொண்டுவரப் போவதாகச் சொன்னான். தணிவாகத்தான் பேசினான். "உங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள், கம்பத்து ஆட்கள் தூக்கிவந்து வைத்துக் கொடுப்பார்கள். கூலி ஒன்றும் வேண்டாம். இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. சவரியப்பன் படியில் உட்கார்ந்து அந்த மரப்பலகையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

இரண்டு மாதம் இடம் தேடினான். கம்பத்தில் காலியாக இருந்தது கடலோரம்தான். கடல் ஏறிப் பெருநீர் வந்தால் முழங்கால்வரை தண்ணீர். தோட்டத்தில் கேட்டான், விரட்டினார்கள். சாமியாரிடம் கேட்டான், கோயில் நிலத்தில் ஏற்கெனவே ஆட்கள் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். பட்டணத்தில் மனை விலை கேட்டான், அவன் வாழ்நாள் கூலிக்கும் எட்டாத விலை. கடைசியில் நான் வாயைக் கொடுத்தேன். என் முதலாளி தம்புசாமிக்குத் தங்கா பத்து ரோட்டை ஒட்டி, சடக்கோரம், ஒரு தென்னந்தோப்பு இருந்தது. "ஒரு மூலைதான, நான் கேட்டு வாங்கித் தர்றேன்லா. நீ கவலைய விடு" என்றேன். சவரியப்பன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். என்னை நம்பிச் சனிக்கிழமை காலை வீட்டைத் தூக்குவதாக யூசோப்பிடம் சொல்லிவிட்டான்.

தம்புசாமி இழுத்தடித்துப் புதன்கிழமைதான் பதில் சொன்னார். "இன்னைக்கு வீட்ட வப்பான், நாளைக்கு மண்ணும் எந்துதும்பான். உனக்கு ஏன்யா இந்த வேல?" என்றார். நான் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. எனக்கு என் வேலை முக்கியம்.

மறுநாள் சவரியப்பன் கடைக்கு வந்தான். "சனிக்கெழம தயாராண்ணே?" என்று கேட்டான். முடியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். "நான் வர்றேன், போ" என்றேன். இதைத் தவிர நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் கேட்டால் தம்புசாமி மனசு மாறலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடியும் கேட்கவும் இல்லை. கோழைத்தனத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் அது கோழைத்தனம்தான்.

சனிக்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள் வீடு தூணோடு தோளில் ஏறிவிட்டது. நாற்பது பேர் இருக்கும். அடியில் மூங்கில் கட்டி, நான்கு பக்கமும் நின்று, குரல் கொடுத்துத் தூக்கியிருந்தார்கள். கதவில் ஓலைச் சிலுவை ஆடிக்கொண்டிருந்தது. ரோஸ் தலைவாரிப் பூ வைத்து, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பாலும் அரிசியும் தனியாக எடுத்து வைத்திருந்தாள், புது இடத்தில் பொங்குவதற்கு.

"கெ மானா?" என்று முன்னால் நின்றவர் கேட்டார். எங்கே போக வேண்டும் என்று.

சவரியப்பன் என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அவன் அருகில் போய்க் காதோடு சொன்னேன். "இல்லன்னுட்டாரு சவரி. புதன்கிழமையே இல்லன்னுட்டாரு."

அவன் கண் இரண்டும் அப்படியே நின்றன. ரோஸ் அந்தப் பக்கத்திலிருந்து, "என்னாங்க, எங்கன்னு சொல்லுங்களேன்! அவங்களுக்குத் தோள் வலிக்குமில்ல!" என்று கத்தினாள்.

யூசோப் ஓடிவந்தான். விஷயம் தெரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டான். "புதன்கிழமை சொல்லியிருந்தால் நான் வண்டியை நிறுத்தியிருப்பேனே. ஒரு மாதமானாலும் பொறுத்திருப்பேனே. இப்போது என் வீடு மூன்று வண்டியில் பாதி வழி வந்திருக்குமே. ஏன் சொல்லவில்லை?"

நான் வாய் திறப்பதற்குள் சவரியப்பன் சொல்லிவிட்டான், மலாயில், எல்லாருக்கும் கேட்கும்படி. "அண்ணன் அப்பவே சொல்லிட்டார். நான்தான் வேறு இடம் கிடைச்சிடும்னு யாரிடமும் சொல்லாம இருந்துட்டேன்."

ரோஸுக்கு மலாய் நன்றாகத் தெரியும். மகளை இறக்கி விட்டாள். அவள் புருஷனைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அப்போதும் நான் பேசவில்லை.

வீட்டைச் சடக்கோரத்தில் இறக்கி வைத்தார்கள். சர்க்கார் நிலம், ஒரு வாரத்தில் எடுக்கச் சொல்லி ஆள் வந்துவிட்டது. சவரியப்பன் தானே அதைப் பிரித்தான். பலகை பலகையாகத் தெங்கேராவில் ஒரு தச்சனுக்குப் போயிற்று. ஊரெங்கும் பலகை மலிவாகக் கிடந்த சமயம்.

தெங்கேராவில் தடுப்புக்குக்கூட வழியில்லை. பிள்ளையோடு அஞ்சடியில் படுக்க முடியாது என்று ரோஸ் கப்பலுக்குப் பேர் கொடுத்தாள். அவன் இருந்து சம்பாதித்து, ஓர் அறை பிடித்து அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. கப்பல் துறைக்கு ரயிலில் போக வேண்டும். மலாக்கா ரயில் நிலையத்தில் அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் வந்து கும்பிட்டாள். "நீங்க எங்களுக்காக எவ்வளவோ பாடுபட்டீங்கண்ணே. இந்த மனுசந்தான் மண்ணள்ளிப் போட்டுட்டாரு" என்றாள். ஜெயமேரி மட்டும் ஜன்னலில் கை நீட்டி அப்பாவைக் கூப்பிட்டாள். வண்டி நகர்ந்தது. திரும்பி வரும் வழியில், "ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று அவனைக் கேட்டேன். "நீங்க கூனிக் குறுகி நின்னீங்கண்ணே. பாக்க முடியல" என்றான்.

அதன் பிறகு மூன்று வருஷம் அவன் எங்கள் கடை அஞ்சடியில்தான் படுத்தான். எந்த மனிதர்கள் முகத்தைப் பார்க்க மாட்டானோ அவர்கள் நடுவில். நாகப்பட்டணத்திலிருந்து ரோஸ் கடிதம் போடுவாள், என் பேருக்கு. அவனுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டுவேன். அவனைத் திட்டியிருக்கும் வரிகளை விட்டுவிட்டு, பிள்ளை நலம், மழை இல்லை என்பதை மட்டும் வாசிப்பேன். "என்னைக் கேட்டிருக்காளாண்ணே?" என்பான். கேட்டிருக்கிறாள் என்று பொய் சொல்வேன்.

1936 மழைக்காலத்தில் அவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தான். ஐந்தாம் நாள் நான் போனபோது கட்டில் காலியாக இருந்தது.

ரோஸுக்கு நான்தான் எழுதினேன். எந்தத் தேதி, என்ன நோய், எந்தச் சாமியார் வந்து அடக்கம் செய்தார், எல்லாம் எழுதினேன். புதன்கிழமை விஷயத்தையும் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். கடைசியில் அது இல்லாமலே கடிதம் போயிற்று. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, இரண்டே வரி. "அந்த ஆளு அன்றைக்கு வாய் திறந்து சொல்லியிருந்தால் நாங்கள் இந்தக் கதிக்கு வந்திருக்க மாட்டோம். அவருக்காக நான் அழவில்லை."