வேலிக்கு அந்தப் பக்கத்து வெங்காயம்

அவிநாசிபாளையத்தில் என் தோட்டத்தை ஒட்டி இன்னொரு விவசாயிக்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. ஏற்றுமதிக்கு ஆகாதென்று கழித்த பனியன்தான் எப்போதும் போட்டிருப்பார். அதன் முன்பக்கம் முழுக்க அவர் கரிக்கை துடைத்த தடம். தென்னை மட்டையைப் பழைய டிரம்மில் மூட்டம் போட்டுக் கரியாக்கி, சாணிக் கரைசலில் ஊறவைத்து, வெங்காயப் பாத்தியில் போட்டார். "ஏனுங்க, பூமிக்குக் கண்மை வைக்கறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தவன் நான்.

அவர் வெங்காயத் தாள் முழங்காலைத் தொட்டது. என்னுடையது நுனி வெளுத்துச் சாய்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அவர் பாத்தியைப் பார்க்க வெளியூர் விவசாயிகள் வந்தார்கள். "கரி போடாட்டி எப்படி இருக்குமுங்க?" என்று ஒருவர் கேட்டார். இவர் பணிவாக என் தோட்டத்தைக் கை காட்டினார். எல்லோரும் வேலியோரம் வந்து, என் வெங்காயத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு நானும் தென்னை மட்டை சேர்த்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் வேலியருகே வந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தப் பட்டமும் நீங்க கரி போடாம விட்டீங்கன்னா நல்லாருக்குமுங்க. ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வேற தோட்டம் இல்லீங்க."

அந்தக் குரலில் துளி கேலி இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.