முதியோர் மையம் ஆபீசான கதை

எங்கள் மையத்தின் வரலாற்றை யாராவது எழுதப் புகுந்தால் பெயிண்டரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். போனில் நாங்கள் சொன்னது ‘முதியோர் மையம்’. அவர் பலகையில் எழுதிக்கொண்டு வந்தது ‘முதியோர் இல்லம்’. ஏன் என்று கேட்டால், முதியோர் என்றால் அடுத்து இல்லம்தானே வரும் என்றார். மனுஷனைச் சொல்லிக் குற்றமில்லை, கை பழகிய வழியில் போயிருக்கிறது.

கல்பாக்கத்தில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றதும், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருப்போரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவள் நான். ஊரில் பழைய பால் சொசைட்டிக் கட்டடம் ஒன்று பூட்டியே கிடந்தது. என்னைப் போல ஓய்வு பெற்ற சிலர் சேர்ந்து அதைப் பஞ்சாயத்தில் கேட்டு வாங்கினோம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கேரம் போர்டு, செய்தித்தாள், என்னுடைய பிரஷர் பார்க்கிற மிஷின். வயதானவர்கள் பகலில் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போக ஓர் இடம், அவ்வளவுதான் எங்கள் ஆசை. தை பிறக்கும்வரை பார்ப்போம், ஆள் வராவிட்டால் உர மூட்டை அடுக்க வேறொருவர் கேட்கிறார் என்று பஞ்சாயத்தில் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள்.

முதலில் வந்தவர் ஒரு விவசாயி. மனைவி தவறிப்போய், நிலத்தையும் மகன் பொறுப்பில் விட்டுவிட்டவர். கேரம் காயைச் சுண்டிவிட்டு, அது குழியில் விழுந்தால் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நான் தோற்கலாம் என்று நினைப்பேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அவருடைய மகன், ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர், பைக்கில் வந்து வாசலில் நின்றார். பலகையை ஒரு முறை படித்தார். முகம் கறுத்துவிட்டது.

“நான் இன்னா, உனக்கு சோறு போடாமயா வுட்டுட்டேன்? ஊர்ல நாலு பேரு இன்னா நெனப்பான்? வண்டில ஏறு நைனா.”

பெரியவர் கையிலிருந்த காயைப் போர்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். பலகையை அன்றைக்கே திருத்தினோம். ஆனால் வெள்ளைப் பெயிண்டுக்கு அடியிலிருந்து ‘இல்லம்’ எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மையத்துக்குப் போகிறவர் பிள்ளை கைவிட்டவர் என்று பேச்சாகிவிட்டது. அப்புறம் ஈ காக்கைகூட வரவில்லை.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சோறு இறங்காது. இந்த ஊர்க் கிழவர்கள் வீட்டிலும் இல்லை, எங்களிடமும் இல்லை என்றால் பகலெல்லாம் எங்கேதான் போகிறார்கள்? தேடிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாப் நிழற்குடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நம் விவசாயி உட்பட. பஸ் வந்தது, நின்றது, போனது. ஒருவரும் ஏறவில்லை.

“எந்த பஸ்ஸுக்கு உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டேன்.

“வர்ற பஸ்ஸுக்குத்தான் நர்சம்மா,” என்றார் விவசாயி, சிரிக்காமல்.

சிரித்துக்கொண்டே வந்தவளுக்கு வீட்டு வாசலில்தான் உறைத்தது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பவரை ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே ஒரு காரணம் இருக்கிறது. நாங்கள் நாற்காலி போட்டோம், மின்விசிறி போட்டோம், உட்காருவதற்கு ஒரு சாக்கு மட்டும் போடவில்லை.

அன்று சாயங்காலமே விவசாயியின் வீட்டுக்குப் போனேன். மகன் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போனேன். மையத்தைத் திறந்து பூட்டப் பொறுப்பான ஆள் இல்லை, அப்பாவைக் கொஞ்சம் அனுப்பினால் உதவியாக இருக்கும் என்று மகனிடம் சொன்னேன். கேட்டுப் போனது நாங்கள், கொடுக்கிற இடத்தில் அவர். முகத்தைச் சுளித்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் பெரியவர் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்து பூட்டைத் திறந்தார். எங்கே கிளம்பிவிட்டாய் என்று வழியில் யாரோ கேட்டதற்கு, ஆபீசுக்கு என்றாராம். ஆயுசு முழுக்கச் சேற்றில் நின்ற மனுஷன்.

அதன் பிறகு ஆளாளுக்கு ஒரு வேலை கேட்டார்கள், நாங்களும் கொடுத்தோம். ஒருவருக்குச் செய்தித்தாளை உரக்கப் படிக்கிற வேலை. ஓர் அம்மாவுக்கு டீ இலாகா. இன்னொருவர் கடிகாரத்துக்குப் பொறுப்பு, அதுவோ பேட்டரியில் ஓடுகிற கடிகாரம். பெண்களுக்கென்று பின்பக்கம் ஒரு கொட்டகை இறக்கினோம். கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளில் பிள்ளைகளோடு இருப்பவர்களும் ஷேர் ஆட்டோ பிடித்து வர ஆரம்பித்தார்கள். தை வந்தது, உர மூட்டைப் பேச்சு எழவே இல்லை. ஊருக்கு நாங்கள் இப்போது ‘பெருசுங்க ஆபீசு’. இருந்தாலும் அந்த மகன் மட்டும் எங்கள் வாசல் பக்கம் திரும்பியதே இல்லை. அவர் பைக் சத்தம் கேட்டாலே எனக்குத் திக்கென்று இருக்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, நாங்கள் வந்தபோது மையம் பூட்டியிருந்தது. குடையோடு காத்து நின்றோம். அந்த பைக் வந்து நின்றது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மகன் இறங்கிச் செருப்பை வாசலிலேயே விட்டு, பூட்டைத் திறந்து, கதவை விரியத் தள்ளினார்.

“நைனாவுக்கு ஜொரம். ரெண்டு நாளு லீவு சொல்லிட்டு வரச் சொன்னாரு.”

சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல் என்றேன். படியிறங்கியவர் பாதியில் நின்றார். மற்றவர்கள் உள்ளே போகும்வரை காத்திருந்து, என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அவரு எடத்துல வேற ஆளப் போட்டுடாதீங்க நர்சம்மா.”