பீப்பாய்க் கதவின் நிழல்

டெஸ்லி கிராட்ஸ்மன் எதற்கும் பயப்படுகிறவள். இடி இடித்தால் பயம். பொழுது சாயும் நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும் சாலையில் வண்டி ஓட்டப் பயம். குழாய் பதிக்கிறவர்களின் முகாமில் சமையல்காரியாக இருந்த காலத்தில், காஸ் அடுப்பைப் பற்றவைக்க ஒரு நீளக் கம்பின் நுனியில் தீக்குச்சியைச் செருகி, முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நீட்டுவாளாம். அவள் புருஷன் மெர்வ் ரோமா ஊர் மதுக்கடையில் அதை நடித்தே காட்டுவான். டெஸ்லியும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்டவள் எரிவாயுக் குழாய் வேலைக்கு எப்படி வந்தாள் என்று கேட்டால், "வேற வேலைக்கு யாரு கூப்பிட்டாங்க?" என்பாள். குழாய் பதித்து முடிந்ததும் முகாமைக் கலைத்துவிட்டார்கள். சமையல்காரிக்கு வேலை இல்லை. ஆனால் பன்றி கழுவ ஆள் வேண்டியிருந்தது.

பன்றி என்றால் குழாய்க்குள் அனுப்புகிற கருவி. ஆள் உயரம் இருக்கும். இரும்புத் தண்டு, அதைச் சுற்றி ரப்பர் வட்டுகளும் கம்பித் தூரிகைகளும். பின்னாலிருந்து வாயு தள்ளத் தள்ள, குழாயின் உட்புறத்தைச் சுரண்டிக்கொண்டு மைல் கணக்காக ஓடும். ஓடும்போது போடுகிற சத்தத்தால்தான் அந்தப் பெயர். சில பன்றிகள் சுத்தம் மட்டும் செய்யும். சில, குழாய் எங்கே துருப்பிடித்திருக்கிறது, எங்கே நசுங்கியிருக்கிறது என்று அளந்துகொண்டே போகும். எதுவானாலும் கடைசியில் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய்க்குள் வந்து நிற்கும். பீப்பாயின் கதவைத் திறந்து வெளியே இழுத்தால், கரிக்குழம்பில் குளித்த மாதிரி இருக்கும். குழாய்க்குள் படிகிற அந்தக் கரிப்பொடி காய்ந்தால் தானாகவே தீப்பிடிக்கும். நனைத்துக்கொண்டே கழுவ வேண்டும். யாருக்கும் பிடிக்காத அந்த வேலையை டெஸ்லி செய்தாள். பிறகு பன்றியின் பின்னால் போகிறவளாக ஆனாள்.

நான் அவர்களோடு ஒரே குழுவில் இருந்தவன். டோங்காவிலிருந்து முலாம்பழம் பறிக்க வந்து, அப்படியே அங்கே தங்கிவிட்டேன். பெயர் செமிசி. மெர்வும் நானும் பீப்பாய் அருகே இருப்போம். டெஸ்லி வழியில் குறித்த இடங்களில் தனியாக நின்று, அடியில் எழும் சத்தத்தைப் பிடிக்கிற ஒரு ஒலிப்பெட்டியை மண்மேல் வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருப்பாள். காலுக்குக் கீழே பன்றி கடந்து போனதும் தகவல் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓட்டுவாள்.

அது பிப்ரவரி மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் காத்திருக்க வேண்டிய கடைசி இடம் ஒரு ஓடையின் பள்ளத்தில். அங்கிருந்து எங்கள் பீப்பாய்க்கு நடுவில் மூன்று மேய்ச்சல் நிலங்கள்தான். டெஸ்லி அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சுரண்டும் சத்தம் தூரத்திலிருந்து வந்தது, நெருங்கியது, கிறீச்சிட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

காத்திருந்தாள். சத்தமே இல்லை. பன்றி அவள் காலடியிலேயே எங்கோ சிக்கிக்கொண்டது. குழாய் ஓடைக்கு அடியில் இறங்கி ஏறும் பள்ளத்தில் தண்ணீரும் கரிப்பொடியும் சேர்ந்து அடைத்திருக்க வேண்டும்.

சாட்டிலைட் போனில் பிரிஸ்பேன் கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டாள்.

"தெரியுதுங்க, இங்கயும் காட்டுது. பின்னால அழுத்தத்தை ஏத்திட்டோம். தானா கிளம்பிடும்" என்றான் அங்கே இருந்தவன்.

"கிளம்பிடும்னா எப்படிக் கிளம்பும்? முன்னால அழுத்தம் கம்மியா இருக்கு. துப்பாக்கிக் குண்டு மாதிரி போகும். பீப்பாய் பக்கத்துல ரெண்டு பேர் இருக்காங்கப்பா."

"விலகி நிக்கச் சொல்லி மெர்வுக்கு மெசேஜ் போட்டாச்சு."

"பார்த்தேன்னு பதில் போட்டானா?"

"செக் பண்றேன்" என்றான்.

மெர்வ் அதைப் பார்த்திருக்க மாட்டான் என்று டெஸ்லிக்கு அப்போதே தெரிந்துவிட்டதாம். ஏனென்றால் பீப்பாயைச் சுற்றிப் போட்ட வேலிக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. வாயு இருக்கிற இடம், பொறி பட்டால் போதும். மெர்வின் போன் வேலிக்கு வெளியே வண்டிக்குள் கிடக்கும். இடுப்பில் இருக்கிற, பொறி வராதபடி செய்த வயர்லெஸ், ஓடைப் பள்ளத்திலிருந்து கூப்பிட்டால் எட்டாது. கூப்பிட்டுப் பார்த்தாள். இரைச்சல்தான் வந்தது.

ஒலிப்பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். மூன்று கேட்டுகள். எங்கள் பக்கத்தில் கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், மூடாதவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது. முதல் கேட்டைத் திறந்து அப்படியே விட்டாள். இரண்டாவதையும் விட்டாள். மூன்றாவதன் சங்கிலி வெயிலில் காய்ந்து கொக்கியில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. கடைசியில் வண்டியாலேயே இடித்துத் திறந்தாள்.

இனி நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சொல்ல வேண்டும். டீ குடித்துக்கொண்டிருந்தோம். அந்த இடத்தில் ஒரு மரம் கிடையாது. நிழல் என்றால் பீப்பாய்க் கதவுக்கு மேலே போட்ட சின்னத் தகரக் கூரையின் நிழல் ஒன்றுதான். கதவுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது என்று சட்டம். பன்றி வருகிற நேரம் என்றால் நாங்களும் உட்கார்ந்திருக்க மாட்டோம். அது வர இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்று நம்பி, கதவுக்கு முன்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம்.

வண்டி புழுதியோடு வந்து வேலி ஓரம் நின்றது. எஞ்சினை அணைக்காமல், கதவைக்கூட மூடாமல் டெஸ்லி குதித்தாள்.

"எழுந்திரி மெர்வ்! அங்கிருந்து எழுந்து வா! பன்றி வருது!"

மெர்வ் கப்பைக் கீழே வைக்கவில்லை. "ஆரம்பிச்சிட்டாடா என் பொண்டாட்டி. வரும்டி, வரத்தானே நாங்க உக்காந்திருக்கோம். ஒரு வாய் டீ குடி, வா."

"ஓடையில சிக்கிக்கிச்சு, பின்னால அழுத்தம் ஏத்திட்டாங்க! எழுந்திரி!"

"சிக்கிக்கிச்சுன்னா எப்படி வரும்? நீயே சொல்லு, செமிசி. இவ வானத்துல மேகம் வந்தாலே கட்டிலுக்கு அடியில போறவ."

நான் பாதி எழுந்துவிட்டேன். அவன் சிரிப்பதைப் பார்த்து மறுபடி தயங்கினேன். மெர்வ் பயப்படாத ஆள்தான். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவன் குழந்தை. அது அவளுக்குத் தெரியும்.

"மெர்வ், உன் நாற்காலிக்கு அடியில பாம்பு! பிரௌன் பாம்பு!"

டீ கப் ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம். ஐம்பது வயது தாண்டிய மனிதன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அவன் பின்னால் நானும் ஓடினேன். வேலியைத் தாண்டியதும் அவள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு இன்னும் ஓடினாள். வண்டியைத் தாண்டி, காய்ந்த வாய்க்கால்வரை இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்கடி பாம்பு?" என்று மெர்வ் மூச்சிரைத்துக்கொண்டு திரும்பினான்.

அப்போதுதான் தரை அதிர்ந்தது. முதலில் காலில்தான் உணர்ந்தோம், காதில் இல்லை. பிறகு இரும்பில் இரும்பு மோதிய ஒரு ஓசை. பீப்பாய் தன் பீடத்தைவிட்டு ஓர் அடி முன்னால் நகர்ந்தது. தகரக் கூரை பிய்ந்து பறந்தது. கதவு தெறிக்கவில்லை, ஆனால் அதன் விளிம்பு பிளந்து வாயு பீறிட்டது. அந்தச் சீற்றத்தை எப்படிச் சொல்வது? பக்கத்தில் இருந்த மெர்வ் வாயைத் திறந்து கத்துகிறான், எனக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. எங்கள் நாற்காலிகள் அந்த வேகத்தில் உருண்டு வேலியில் போய் ஒட்டிக்கொண்டன.

வாய்க்காலில் விழுந்து படுத்தோம். அப்போது இன்னொரு சத்தம் எழுந்தது. டெஸ்லியின் வண்டி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததல்லவா, டீசல் எஞ்சின். காற்று வாயுவை அந்தப் பக்கம் தள்ள, எஞ்சின் அதைக் குடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆள் இல்லாத வண்டி, ஆக்சிலேட்டரை யாரும் மிதிக்காமல், தானாகவே உறுமியது. உறுமல் ஏறிக்கொண்டே போனது. அதில் ஒரு பொறி பறந்தால் நாங்கள் மூவரும் அங்கேயே சாம்பல்.

டெஸ்லி எழுந்து நின்றாள். "சாவியைத் திருப்பிட்டு வந்துடறேன்" என்று அவள் உதடு அசைவதிலிருந்து புரிந்தது. மெர்வ் அவள் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அவள் உதறினாள். விடவில்லை. சாவியைத் திருப்பினாலும் அந்த எஞ்சின் நின்றிருக்காது, குடிப்பதற்குத்தான் வாயு இருந்ததே. அதை யோசிக்கிற நிலையில் நாங்கள் யாரும் இல்லை. நான் முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு, அம்மா சொல்லிக்கொடுத்த ஜெபத்தைப் பாதியிலிருந்து சொன்னேன். முதல் பாதி ஞாபகம் வரவில்லை.

வண்டி உள்ளுக்குள்ளேயே ஏதோ நொறுங்கி நின்றது. தீப்பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிரிஸ்பேனிலிருந்து வால்வுகளை மூடியிருக்கிறார்கள். சீற்றம் மெல்ல மெல்ல இளைத்து, விசில் மாதிரி ஆகி, அடங்கியது. பிறகு ஈக்கள் பறக்கிற சத்தம் கேட்டது.

மெர்வ் இன்னும் அவள் காலை விடவில்லை. "பாம்பு இல்லையா?" என்றான்.

"இல்ல."

"பொய் சொன்னியா?"

"ஆமா."

அவன் அழ ஆரம்பித்தான்.

விசாரணை நடந்தது. மெசேஜ் வண்டியில் கிடந்த போனுக்குப் போயிருந்தது, நாங்கள் உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்திருந்தோம், எல்லோர் மேலும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு. விசாரணைக்காரர்கள் கிளம்பும் முன்பே அந்த நிலத்துக்காரர் குரோசியர் வந்து நின்றார். "எவ கேட்டைத் திறந்து போட்டது? என் கிடாரி எல்லாம் காளைங்களோட கலந்துடுச்சு. எது எதால சினையாச்சுன்னு நான் யாரைக் கேக்கிறது?" என்று குதித்தார். நாங்கள் போய் மாடு பிரித்துக் கொடுத்தோம். அந்த வாரம் முழுவதும் எங்களைச் சிரிக்கவைத்த ஒரே விஷயம் அதுதான்.

மெர்வ் கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தான். மதுக்கடையில் பாம்புக் கதையையும் நடித்துக் காட்டினான். ஒருநாள் பக்கத்தில் யாரோ பீர் டின்னை உடைத்தார்கள். அந்த 'உஸ்' சத்தத்துக்கு மெர்வ் மேஜைக்கு அடியில் போய்விட்டான். எல்லோரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. அதன்பிறகு அவனால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. மதுக்கடைக்குப் போவது நின்றது. குழாய் வேலையையும் விட்டுவிட்டு, நகராட்சிப் பூங்காவில் புல் வெட்டப் போனான்.

டெஸ்லி விடவில்லை. அடுத்த முறை பன்றி விட்டபோது, அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நான் வண்டி ஓட்டிப் போனேன். அவள் ஒலிப்பெட்டியை மண்ணில் வைத்து, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். பன்றி வந்தது, காலுக்குக் கீழே கிறீச்சிட்டது, நிற்காமல் போனது. போனில் நிதானமாகத் தகவல் சொன்னாள். சொல்லிவிட்டு முள்வேலி ஓரம் போய்க் குனிந்து, காலையில் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள்.

"டெஸ்லி, வீட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்டேன்.

தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்தாள். "ஓட்டு, ஓட்டு. பேசிக்கிட்டே நின்னா அது நமக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடும்" என்றாள்.